பிடியைத் தளர்த்தினால் கருவி நழுவுகிறது, இறுக்கினால் கை வலிக்கிறது

ஜூன் 2, மாலை 6.15 – முதலாண்டு மாணவி, அலசூர்

பெங்களூரில் டெண்டல் ஹைஜீனிஸ்ட் (பல் சுத்தம் செய்பவர்) டிப்ளமா முதலாண்டு படிக்கிறேன். நான்கு மாதமாக டைபோடான்டில், அதாவது பயிற்சிக்கான செயற்கைப் பல்வரிசையில், பயிற்சி. பிளாஸ்டிக் பல்லில் ஒட்டியிருக்கும் செயற்கைக் காரையை எடுக்க மற்றவர்களுக்குப் பத்து நிமிடம் ஆகிறது. எனக்கு அரை மணி நேரம். பிடியைத் தளர்த்தினால் கருவி நழுவுகிறது. இறுக்கினால் கட்டை விரலின் அடியில் வலி பிடித்துக்கொள்கிறது. கேட்டால், செய்யச் செய்ய வந்துவிடும் என்கிறார்கள். எனக்குக் கைவாகு இல்லையோ என்று பயமாக இருக்கிறது. வீட்டில் தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பழகினால் சரியாகிவிடுமா?

ஜூன் 2, இரவு 10.40 – சிவாஜிநகர் ஹைஜீனிஸ்ட்

ஆகாது. இப்போதிருக்கும் பிடியோடு இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பழகினால் அந்தப் பிடிதான் கெட்டிப்படும். பிறகு அதை மாற்ற ஓராண்டு பிடிக்கும்.

இந்த வேலைக்கு வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. கடைசி ஆறு ஆண்டுகளாக மாணவிகளின் பக்கத்தில் நின்று அவர்கள் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கைவாகு இல்லாதவள் என்று ஒருத்தியைக்கூட நான் பார்த்ததில்லை.

முதலில் காரை எடுக்கும் க்யூரெட்டைக் கீழே வை. காரையைத் தடவிப் பார்க்கும் கூர்முனைக் கருவியான எக்ஸ்புளோரரை எடு. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கைப்பிடியில் எதிரெதிராக இருக்கட்டும், ஒன்றையொன்று தொட வேண்டாம். நடு விரலின் பக்கவாட்டுச் சதை ஷாங்கின் மேல், அதாவது கைப்பிடிக்கும் முனைக்கும் இடையிலுள்ள கழுத்தின் மேல், மெல்லப் படிந்திருக்க வேண்டும். மோதிர விரல் நேராக நின்று பல்லில் ஊன்ற வேண்டும். பேனா பிடிக்கும்போது நடு விரல் அடியிலிருந்து தாங்கும். இங்கே அதற்கு வேலை வேறு. முனை காரையில் இடறும்போது உண்டாகும் அதிர்வு ஷாங்க் வழியாக ஏறி அந்த விரலில்தான் முதலில் தெரியும். கைப்பிடியை நெரித்தால் அந்த அதிர்வு வந்து சேராது. சேராததால் காரை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இன்னும் அழுத்துகிறாய். அரை மணி நேரம் இப்படித்தான் போகிறது.

ஒரு நீளமான தலைமுடியை வெள்ளைத் தாளுக்கு அடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொள். எக்ஸ்புளோரர் முனையைத் தாளின் மேல் ஓடவிட்டு முடி எங்கே கிடக்கிறது என்று சொல். தாள் கிழிந்தால் உன் பிடி அதிகம். ஒரு தாளில் வந்துவிட்டால் இரண்டு தாள், பிறகு மூன்று. இருபது நிமிடம் போதும்.

ஜூன் 3, காலை 7.05 – சிவாஜிநகர் ஹைஜீனிஸ்ட்

எழுத விட்டது: நகத்தைப் பார். கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் நகத்தின் அடிச்சதை வெளுத்திருந்தால் நெரிக்கிறாய் என்று பொருள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். பக்கத்தில் உட்காருபவளிடம் சொல்லிவை, வெளுத்தால் உன் முழங்கையைத் தட்டட்டும்.

ஜூன் 3, பகல் 1.30 – வாசகர், ராமமூர்த்தி நகர்

"சித்திரமும் கைப்பழக்கம்" என்று ஔவையே சொல்லிவிட்டாரே. பழக வேண்டாம் என்று நீங்கள் சொல்வது புதிதாக இருக்கிறது.

ஜூன் 3, இரவு 9.20 – சிவாஜிநகர் ஹைஜீனிஸ்ட்

பழக வேண்டாம் என்று நான் எழுதவில்லை. தப்பும் கைப்பழக்கம்தான் என்கிறேன். கை நல்லது கெட்டது பார்க்காது, கொடுத்ததை வாங்கி வைத்துக்கொள்ளும். முதல் சில வாரம் யாராவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது அதனால்தான்.

ஜூன் 4, இரவு 8.10 – பிசியோதெரபிஸ்ட், மாரத்தஹள்ளி

எங்கள் படிப்பிலும் இது வரும். ஃபிட்ஸ், போஸ்னர் என்ற இருவர் 1967 இல் கைத்திறன் மூன்று படியாக வருகிறது என்று எழுதினார்கள். முதல் படியில் ஒவ்வொரு அசைவையும் மனத்துக்குள் சொல்லிச் சொல்லிச் செய்கிறோம். இரண்டாவதில் தவறுகள் குறைகின்றன. மூன்றாவதில் கை தானாக ஓடுகிறது. அலசூர் தங்கை முதல் படியிலிருந்து இரண்டாவதுக்கு ஏறும் இடத்தில் இருக்கிறார். ஒரே மூச்சாக இரண்டு மணி நேரம் பழகுவதைவிட நான்கு முறை அரை மணி நேரம் பழகுவது நல்லது.

ஜூன் 5, இரவு 11.15 – சிவாஜிநகர் ஹைஜீனிஸ்ட்

பிசியோதெரபிஸ்ட் சொன்ன அரை மணிக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் பிரித்துக் கொடுக்கிறேன்.

அழுத்தம் பற்றி இன்னும் ஒன்று. மெதுவாக, மெதுவாக என்று வாயால் சொல்லிக் கொடுப்பதில் பயன் இல்லை. மெதுவாக என்றால் எவ்வளவு? ஆழம் அளக்கும் புரோப்பை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே இறக்கும்போது சுமார் 20 முதல் 25 கிராம் அழுத்தம் போதும். இந்த எண்ணை மாணவிகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு ஓராண்டு சும்மா இருந்தேன். எழுதிப்போட்டதை யார் கையும் படிக்கவில்லை. பிறகு வீட்டிலிருந்து மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசை எடுத்துச் சென்றேன். அதன் தட்டில் ஒரு ரப்பர் துண்டை வைத்து, புரோப் முனையால் அழுத்தச் சொன்னேன். முதல் மாணவி தன் கைக்கு மிக மென்மையாகத் தெரிந்த அளவில் அழுத்தினாள். எண் 90 காட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இரண்டாவது மாணவி 70. அவரவர் நேரம் எடுத்துக்கொண்டு 25க்கு இறங்கினார்கள். இறங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு அதே எண்ணுக்கு அழுத்தச் சொன்னேன். மூன்றாவது நாள் அந்த அறையில் பேச்சே இல்லை, எல்லோரும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதைச் செய்தபோதுதான் எனக்கும் ஒன்று புரிந்தது. என் கை காலையில் 22 காட்டியது. ஒன்பது நோயாளிகளைப் பார்த்துவிட்டு மாலையில் அழுத்தியபோது 38. களைத்த கை கனத்துவிடுகிறது, அது கைக்குத் தெரிவதும் இல்லை.

மில்லிமீட்டர் கோடுகள் போட்ட வில்லியம்ஸ் புரோப்பில் அளவு வாசிப்பதில் முதலாண்டில் எல்லோரும் தடுமாறுவார்கள். 1, 2, 3 கோடுகள் இருக்கும், 4 இருக்காது, 5 இருக்கும், 6 இருக்காது, 7 முதல் 10 வரை இருக்கும். வாசிக்க எளிதாக இருக்கட்டும் என்றுதான் அந்த இடைவெளி விட்டிருக்கிறது. அது தெரியாமல் கோட்டை எண்ணி, 5 மில்லிமீட்டர் ஆழமுள்ள ஈறுப்பையை 4 என்று எழுதிய ஏடுகளை நான் திருத்தியிருக்கிறேன்.

ஜூன் 6, காலை 6.50 – மாணவி, அலசூர்

தாளுக்கு அடியில் முடி வைத்துப் பார்த்தேன். ஒரு தாளில் தெரிகிறது, இரண்டு தாளில் தெரியவில்லை. இன்னொன்று அக்கா, நான் இடது கைக்காரி. எங்கள் வகுப்பில் எல்லோரையும் நோயாளியின் வலப்பக்கம்தான் உட்கார வைக்கிறார்கள்.

ஜூன் 6, காலை 7.30 – சிவாஜிநகர் ஹைஜீனிஸ்ட்

இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா! இல்லை, கேட்காமல் விட்டது நான்தான். நோயாளியின் தலையுச்சியை 12 மணியாக வைத்துக்கொண்டால் வலது கைக்காரர்கள் 8 முதல் 12 வரை உட்காருவார்கள். இடது கைக்காரர்களுக்கு அது கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பும், 12 முதல் 4 வரை. வலப்பக்கம் உட்கார்ந்து இடது கையால் வேலை செய்தால் மணிக்கட்டு மடங்கும். ஊன்றுவிரலுக்கு நிற்க இடம் கிடைக்காது. ஊன்றுவிரல் ஆடினால் கட்டை விரல் இறுக்கித்தான் ஆக வேண்டும். உன் வலிக்குப் பாதிக் காரணம் நாற்காலி.

நாளைக்கே இடப்பக்கம் உட்காரக் கேள். கூச்சப்படாதே. ட்ரே, விளக்கு, உறிஞ்சுகுழாய் எல்லாவற்றையும் மாற்றி வைக்க ஐந்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான். நோயாளியின் வாய் உன் முழங்கை உயரத்தில் இருக்கட்டும். தோளைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தால் விரலில் எவ்வளவு லாகவம் இருந்தாலும் பயன்படாது.

ஜூன் 7, இரவு 10.05 – பல் மருத்துவர், இந்திராநகர்

ஒரு கேள்வி. இன்று பெரும்பாலான கிளினிக்குகளில் அதிர்வால் காரையைப் பெயர்க்கும் அல்ட்ராசோனிக் ஸ்கேலர்தான். க்யூரெட் பிடிப்பதில் இவ்வளவு காலம் செலவிடுவது தேவையா?

ஜூன் 8, காலை 6.20 – சிவாஜிநகர் ஹைஜீனிஸ்ட்

தேவை, டாக்டர். நானும் தினமும் அல்ட்ராசோனிக் பயன்படுத்துகிறேன், குறை சொல்லவில்லை. அதன் முனை நொடிக்கு 25,000 முறைக்கு மேல் அதிர்கிறது. அந்த அதிர்வுக்கு நடுவே வேர்ப்பரப்பில் எஞ்சியிருக்கும் மெல்லிய காரையை விரல் எப்படி உணரும்? தண்ணீர் வேறு அடித்துக்கொண்டிருக்கும். முடித்த பிறகு எக்ஸ்புளோரரை உள்ளே விட்டுப் பார்த்தால்தான் எஞ்சியது தெரியும், அதை எடுக்கக் க்யூரெட் வேண்டும். 2020 இல் தொற்றுக்கு அஞ்சி நீர்த்திவலை கிளப்பும் கருவிகளைத் தவிர்க்கச் சொன்னார்களே, அந்த மாதங்களில் கைக்கருவி தெரிந்தவர்களைத் தேடி எத்தனை கிளினிக்குகளிலிருந்து எனக்குப் போன் வந்தது தெரியுமா?

நம் 1948 பல் மருத்துவர்கள் சட்டம் ஹைஜீனிஸ்ட் என்பவரைப் பற்களின் காரையை நீக்குபவர், சுத்தம் செய்பவர், மெருகேற்றுபவர், வாய்ச் சுகாதாரம் சொல்லிக் கொடுப்பவர் என்றது. முதல் வேலையே கையால் செய்வது. அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் 1913 இல் இதற்கென்று முதல் பள்ளி தொடங்கினார். அப்போது கையைத் தவிர வேறு என்ன இருந்தது?

ஜூன் 8, காலை 6.35 – சிவாஜிநகர் ஹைஜீனிஸ்ட்

வரலாற்றுக்குப் போய்விட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 'கிரேசி' க்யூரெட் என்று கேட்டதும் முதலாண்டில் சிரிப்பார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கிளேட்டன் கிரேசி என்ற பல் மருத்துவரின் பெயர் அது. ஒவ்வொரு பல் பரப்புக்கும் ஏற்ற கழுத்து வளைவோடு அவர் இந்தக் கருவிகளை வடிவமைத்தார். 5/6 என்று எண்ணிட்ட கருவி முன்பற்களுக்கு. 11/12 கடைவாய்ப் பல்லின் முன்பக்கத்துக்கு, 13/14 அதன் பின்பக்கத்துக்கு. முனையின் முகம், அதாவது அதன் தட்டையான மேற்பரப்பு, கழுத்தின் கடைசித் துண்டுக்கு 60 முதல் 70 பாகை சாய்ந்திருக்கும், ஒரு விளிம்புதான் வெட்டும். அந்தக் கடைசித் துண்டைப் பல்லுக்கு இணையாக நிறுத்தினால் கோணம் தானாக அமைந்துவிடும். இதைப் புரிந்துகொண்ட மாணவி எண்களை மனப்பாடம் செய்வதை நிறுத்திவிடுவாள்.

ஜூன் 9, இரவு 9.45 – மாணவி, அலசூர்

இடப்பக்கம் உட்கார அனுமதி கிடைத்தது. மோதிர விரல் நிற்கிறது. தோள் வலி இல்லை. ஆனால் காரை இன்னும் எளிதில் வரவில்லை. பத்து முறை இழுத்தால் ஒரு துளி வருகிறது. இழுக்க இழுக்க அது வழவழப்பாகிவிடுகிறது.

ஜூன் 9, இரவு 11.50 – சிவாஜிநகர் ஹைஜீனிஸ்ட்

வழவழப்பாகிவிடுகிறது என்றாயே, அந்தச் சொல்லைப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை.

உன் கருவி மழுங்கியிருக்கிறது. மழுங்கிய விளிம்பு காரையைப் பெயர்க்காது, மேலே தேய்த்து மெருகேற்றும். பிறகு எக்ஸ்புளோரர் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும், சுத்தமாகிவிட்டது என்று நினைப்போம். உள்ளே காரை இருக்கும், ஈறு வீங்கியபடியே இருக்கும்.

விளக்கடியில் க்யூரெட்டின் விளிம்பைத் திருப்பிப் பார். கூரான விளிம்பில் வெளிச்சம் தங்காது. மழுங்கிய விளிம்பு ஒரு வெள்ளைக் கோடாக மின்னும். அக்ரிலிக் குச்சி இருந்தால் அதன் மேல் லேசாக அழுத்திப் பார், கூரானது கடித்து நிற்கும், மழுங்கியது நழுவும்.

ஜூன் 10, காலை 5.40 – சிவாஜிநகர் ஹைஜீனிஸ்ட்

ஜூன் 2 அன்று எழுதியதைத் திருத்த வேண்டும். கைவாகு இல்லாதவள் என்று ஒருத்தியைக்கூடப் பார்த்ததில்லை என்று எழுதினேன். அது உண்மை. ஆனால் கைவாகு இல்லை என்று நம்பிப் படிப்பை விட்டுப் போன ஒருத்தியைப் பார்த்திருக்கிறேன். என்னோடு படித்தவள். நாங்கள் பதினான்கு பேருக்கு நான்கு செட் கருவிகள். அந்த நான்கும் எங்களுக்கு முன் எத்தனை வகுப்புகளைப் பார்த்தனவோ, ஒரு நாளும் தீட்டும் கல்லில் ஏறியதில்லை. கூர்தீட்டுவது பாடத்திட்டத்தில் ஒரு பக்கமாக இருந்தது, கையில் கல் கொடுக்கப்படவில்லை. அவள் முறை எப்போதும் கடைசியில் வரும், மிக மழுங்கிய செட் அவளுக்கு வரும். மணிக்கட்டில் பட்டி கட்டிக்கொண்டு வருவாள். "நீ இன்னும் பழக வேண்டும்" என்று நானும் அவளிடம் சொல்லியிருக்கிறேன். நான்காவது மாதம் வரவில்லை.

எங்களுக்கு முதல் நோயாளிகள் வந்தபோது எனக்கு அமைந்தவர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் பூ விற்கும் அம்மா. கீழ் முன்பற்களின் உட்புறம் முழுவதும் காரை. உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் நாக்கடியில் அங்கேதான் திறக்கிறது, அதனால் எல்லோருக்கும் அங்கே அதிகம் படியும். நாற்பது நிமிடம் இழுத்தேன். என் கையிலிருந்த வாய்க்கண்ணாடி அவர் பல்லில் இடித்துக்கொண்டே இருந்தது, அந்தச் சத்தம் இன்றும் கேட்கிறது. எழுந்து வாய் கொப்பளித்துவிட்டு, "ஆணி பிடுங்குவதுபோல் இருந்தது கண்ணு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மடியிலிருந்து ஒரு முழம் மல்லிகையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. இன்னும் அந்த வழியாகப் போகும்போது தேடுகிறேன்.

அன்றைக்குக் கல் இருந்திருந்தால் அவரும் வந்திருப்பார், அவளும் படித்து முடித்திருப்பாள். நான் முதல் நாள் உனக்கு எழுதியதில் பிடியைத்தான் முதலில் வைத்தேன். இப்போது கருவியின் கூர்மையை முதலில் வைக்கிறேன். மழுங்கிய கருவியை லேசாகப் பிடி என்று சொல்வது மாணவியை ஏமாற்றுவது.

ஜூன் 10, இரவு 8.30 – வாசகர், ராமமூர்த்தி நகர்

சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் என்ன? எங்கள் தெருவில் வாரம் ஒருவர் சைக்கிளில் வருகிறார்.

ஜூன் 10, இரவு 9.15 – சிவாஜிநகர் ஹைஜீனிஸ்ட்

கூடவே கூடாது! அந்தச் சக்கரம் அருவாமனைக்கு ஏற்றது. க்யூரெட்டின் முனை ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது. ஒரு சுற்றில் உருண்டை முனை போய் ஊசியாகிவிடும், ஈறைக் கிழிக்கும். ஆனால் சிறுவயதில் எங்கள் தெருமுனையில் சாணை பிடிப்பவர் பக்கத்தில் மணிக்கணக்காக நின்று பார்த்திருக்கிறேன். அவர் கத்தியைக் கண்ணால் பார்க்கமாட்டார். சத்தத்தைக் கேட்டுக் கோணத்தை மாற்றுவார். கல்லில் க்யூரெட்டைத் தீட்டும்போதும் அப்படித்தான், சரியான கோணத்தில் சீரான ஒரு கிசுகிசுப்பு வரும், கோணம் தப்பினால் கீச்சிடும்.

தீட்டும் முறை: கருவியை இடுக்காமல் மேசை விளிம்பில் கையை ஊன்றிப் பிடி. முனையின் முகம் தரைக்கு இணையாக இருக்கட்டும். கல்லைச் செங்குத்தாக வைத்து, பிறகு சற்றே வெளிப்பக்கம் சாய்த்து, முகத்துக்கும் கல்லுக்கும் இடையே 100 முதல் 110 பாகைக்குள் நிறுத்து. கல்லில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக்கொள். விளிம்பின் குதிகாலிலிருந்து, அதாவது கழுத்தை ஒட்டிய இடத்திலிருந்து, நுனி வரை சிறு சிறு அசைவாகத் தீட்டி, கீழ்நோக்கிய அசைவில் முடி. முகத்தின் மேல் கருஞ்சேறு போல் உலோகத்தூள் படிந்தால் விளிம்பு பிடித்துவிட்டது என்று அர்த்தம். கிரேசியில் வெட்டும் விளிம்பை மட்டும் தீட்டு. இரண்டு பக்கமும் தீட்டிக் கருவியைக் குச்சியாக்கியவர்கள் உண்டு.

ஜூன் 11, இரவு 10.00 – சிவாஜிநகர் ஹைஜீனிஸ்ட்

வீட்டுப் பயிற்சி பற்றித் தனியாகக் கேட்ட இருவருக்கு இங்கேயே பதில். பிடுங்கிய பற்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். அவை நோயாளியின் உடல் திசு, கிருமி நீக்கிய பிறகுதான் தொட வேண்டும். வெள்ளி நிறத்தில் பாதரசக் கலவை அடைத்த பல்லை, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்கவே கூடாது, பாதரச ஆவி வரும். வீட்டில் முட்டை போதும். ஓட்டின் மேல் நகப்பூச்சைத் திட்டாகப் பூசி உலரவிட்டு, மோதிர விரலை ஓட்டிலேயே ஊன்றி, சின்னச் சின்ன இழுப்பில் பூச்சை எடுங்கள். 2 மில்லிமீட்டருக்கு மேல் இழுக்க வேண்டாம். வளைவில் திரும்பும்போது மணிக்கட்டைத் திருப்பாமல் கைப்பிடியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டுங்கள். ஓடு உடையாமல் பூச்சு வந்தால் மறுநாள் அந்த முட்டையையே குழம்பில் போடலாம் என்று என் மகள் சொல்கிறாள். போடாதீர்கள்.

கைப்பிடி வாங்குபவர்கள் மெல்லியதை வாங்க வேண்டாம். கலிஃபோர்னியாவில் 2006 இல் அளந்து பார்த்தார்கள், 10 மில்லிமீட்டர் தடிமனும் 15 கிராம் எடையும் உள்ள கைப்பிடிக்கு விரல் தசையின் உழைப்பு மிகக் குறைவாக இருந்தது.

ஜூன் 12, காலை 7.10 – சிவாஜிநகர் ஹைஜீனிஸ்ட்

பேச்சோடு பேச்சாக ஒன்று. நம் ஊரில் நோயாளியிடம் கன்னடத்தில் "பாயி தெகெயிரி" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். ஈறு என்பதற்கு அவர்கள் வசடு என்பார்கள். அவர் மொழியில் நான்கு சொல் சொன்னால் கன்னத்தை இறுக்கிக்கொள்ளமாட்டார். கன்னம் தளர்ந்தால் வாய்க்கண்ணாடி உள்ளே எளிதாகப் போகும். கண்ணாடியில் ஆவி படிந்தால் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு கணம் வைத்துச் சூடாக்கினால் தெளியும்.

ஜூன் 13, இரவு 9.30 – மாணவி, அலசூர்

விளக்கடியில் பார்த்தேன். வெள்ளைக் கோடு நன்றாகத் தெரிந்தது. இரண்டு விளிம்பிலும். எங்கள் செட்டில் ஒன்பது கருவிகளில் ஏழில் அப்படி. கல் கேட்டேன், அலமாரியில் பிரிக்காத பெட்டியில் இருந்தது. எப்படித் தீட்டுவது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. உடைக்கப் பயம்.

ஜூன் 13, இரவு 9.38 – சிவாஜிநகர் ஹைஜீனிஸ்ட்

பிரிக்காத பெட்டியா! கையொப்பமிட்டுக் கல்லை வெளியே எடுத்து வர அனுமதி வாங்கு. ஒதுக்கிவைத்த பழைய க்யூரெட் இருந்தால் இரண்டு கேள், முதலில் அதில் தப்பு செய்வோம். உன் தோழிகளில் வர விருப்பமுள்ளவர்களையும் கூட்டி வா. ஞாயிறு காலை 10 மணிக்குத் தமிழ்ச் சங்கத்துக்கு எதிரே, ஏரிப் பக்கம் நிற்கிறேன். அங்கிருந்து என் வீடு நடந்து போகும் தூரம். எண்ணெயும் அக்ரிலிக் குச்சியும் தராசும் என்னிடம் இருக்கின்றன. இடது கைக்குக் கல்லை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று நாளை இரவு நானே இடது கையில் பிடித்துப் பார்த்துவிடுகிறேன்.